கிழக்கு ஓரத்துச் சவுக்குக் கம்புகள்

நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடி மாணவனானேன். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு எங்கள் மராமத்து அலுவலகத்துக்கு வந்த சென்னை எஞ்சினியர், சனிக்கிழமை மதியங்களில் ஒரு புதுக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மரத்தின் பலம் ஒரே எண் அல்ல. இருபது கம்பை ஒடித்தால் இருபது விடை வரும். மேலே ஏறும் பாரமும் அப்படித்தான். ஆகவே, "தாங்குமா?" என்று கேட்கக் கூடாது, "தாங்காமல் போக எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்க வேண்டும்.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த மாசி மகத்துக்கு, கடலில் முழுக வரும் சாமிகளைப் பார்க்க, வைத்திக்குப்பம் கரையில் நாற்பது பேர் நிற்கும்படி ஒரு சவுக்குப் பரண் கட்ட இருந்தார்கள். உறுதியானது என்று கையெழுத்திட வேண்டியவன் நான். அதில் ஏறுவதென்று என் மனைவி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

இருபது கம்புகளை ஒடித்தேன். பிறகு மீன் நிறுக்கும் பெரிய தராசில் குப்பத்துக்காரர் முப்பது பேரை ஒவ்வொருவராக நிறுத்தேன். மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி தட்டில் உட்கார்ந்தபடியே, "இன்னா முசே, கருவாடு போடப் போறீங்களா?" என்றாள். பிரெஞ்சில் 'ஐயா'வான 'முசே' குப்பத்தை விட்டு இன்னும் போகவில்லை.

"செதில் நீக்கிட்டு நிறுங்க முசே!" என்றது கூட்டம்.

பரண் சரிய வாய்ப்பு, ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழ். கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் கரையில் பரணின் வரைபடத்தை விரித்தபோது அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"கடல் பக்கம் எத்தினி கம்பு?"

"நாலு பக்கமும் சமம்தாம்மா."

"சாமி நாலு பக்கமுமா முழுவும்?"

ஒருவர் நிற்கும் இடம் மற்றவரைச் சார்ந்ததல்ல என்று கணக்கின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். சாமி பார்க்க எல்லோரும் கடல் இருக்கும் கிழக்கே சாய்ந்தால், பரண் சரிய வாய்ப்பு மூன்றில் ஒன்று.

அலுவலகத்துக்கு ஓடினேன். "நேத்துதானே உறுதின்னு எழுதினீங்க?" என்றார் எஞ்சினியர்.

"நேத்து எல்லாரும் தனித்தனியா நின்னாங்க சார்."

கிழக்கு வரிசையில் கம்புகள் இரட்டிப்பாயின. அது போதாதென்று, திருவிழாவன்று நானே மேற்கு ஓரத்தில் எதிர்ப்பாரமாக நிற்பதென்று தீர்மானித்தேன்.

"சாமி பாக்க வந்துட்டு இங்க ஏன் நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"கணக்கு," என்றேன்.

அன்றைய டைரியில் இருப்பது இது: 'காலை 10.20. சாமி முழுகியது. பரண் முனகியது, நின்றது. கிழக்கு ஓரத்தில் என்னையும் சேர்த்து நாற்பது பேர். மேற்கு ஓரத்தில் என் குடை.'