இரண்டு அளவுப் பெட்டிகள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேல் எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே வைக்கும் பொருள் குலுங்காமலிருக்க அட்டையை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று வரைந்து, முதல் மாதிரியைக் கையாலேயே செய்து பார்ப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக பல்புக்கும் மிக்ஸிக்கும் செருப்புக்கும் பெட்டி செய்தவளிடம் ஒரு நாள் புது வேலை ஒன்று வந்தது. டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோலுக்குப் பெட்டி. அது இன்னும் கடைக்கு வரவில்லை. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வந்த அளவு இரண்டு. ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவள், அன்று சாப்பிடும்போது வாய்தவறிக் கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். ஊர் வம்பெல்லாம் அவர் கடை நாற்காலியில்தான் வந்து உட்காரும்.

பத்தே நாளில் செய்தி பரவியது. புது கன்சோல் ஒன்றல்ல, பல வகையாக வருகிறதாம், ஒன்றில் டிஸ்க் போடும் இடமே கிடையாதாம். கூடவே ஒரு படம். பார்க்கிற போனிலெல்லாம் அதுதான். யார் வாய் திறந்தது என்று விசாரிக்க கன்சோல் கம்பெனியிலிருந்து ஆட்கள் வரப்போவதாகத் தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்குக் கணவரிடம் உளறியது நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் நேரே கணவரின் கடைக்குப் போனாள். நல்லவேளை, கடையில் ஆளில்லை.

"அன்னிக்கு அந்தப் பெட்டியப் பத்திச் சொன்னேனே, யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எந்தப் பெட்டி?"

"விளையாடாதீங்க."

"நெஜமாத்தான். நீ ஏதோ ரெண்டு அளவுன்னு சொன்ன. சட்டை தைக்கக் குடுத்திருக்கேன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில், தான் பேசியதை அவர் காதில் வாங்காததற்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. சொன்னது சொன்னதுதானே? மறுநாள் காலை, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே மேனேஜரம்மாவின் அறைக்குப் போய், வீட்டில் உளறியதை ஒளிக்காமல் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. மேனேஜரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி அந்தப் படத்தைக் காட்டினார்.

"இதுல எத்தனை இருக்கு?"

"மூணு."

"நாம செஞ்சது?"

"ரெண்டுதாம்மா."

"அப்புறம் என்ன? இது யாரோ ஒரு ரசிகன் கற்பனையா வரைஞ்சு போட்டதாம். அவனே ஒத்துக்கிட்டான். விசாரணையெல்லாம் இல்லன்னு காலைலயே லெட்டர் வந்துடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "வீட்ல சொன்னது தப்புதான். இனிமே கையெழுத்துப் போட்டா அங்கயும் பேசாதீங்க. போய் வேலையப் பாருங்க," என்றார்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். குழாயடியில் முகத்தைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். இரண்டு நாளாக எதுவும் தொண்டையில் இறங்காதவள், அன்று மதியம் தன் டப்பாவைத் துடைத்துவைத்த மாதிரி காலி செய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பசை மெஷின்காரியின் டப்பாவிலும் கையை விட்டாள்.

"என்னக்கா, இன்னிக்கு இப்படிப் பசி?" என்றாள் அவள்.

ஸ்கேல் அக்கா வாய் நிறைய மென்றபடி சிரித்தாளே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை.