இரண்டு கடைக்கும் தெரியாமல்

எங்கள் வீட்டுக் கணினியில் சேர்ந்திருந்த கேம்களைப் பார்த்தவர்கள் நாங்கள் பெரிய விளையாட்டுக்காரர் என்றுதான் நினைத்திருப்பார்கள். உண்மையில் அவற்றில் ஒன்றைத் தவிர வேறெதையும் எங்கள் வீட்டில் ஒருவரும் விளையாடியதில்லை. அப்பா எடுத்து வைத்தார். எடுத்து வைத்தார், எடுத்து வைத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொடக்கி வைத்தது பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருந்த மாமாவின் மகன். மச்சான் தன் பழைய மடிக்கணினியை எனக்குத் தந்துவிட்டுப் போகிறபோது, இணையத்தில் கேம் விற்கிற கடை ஒன்று வியாழக்கிழமை தோறும் ஒரு கேமைச் சும்மா கொடுக்கிறது, அந்த வாரத்துக்குள் போய் எடுத்துவிட்டால் அது என்றைக்கும் எங்களுடையது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னான். சொன்னது எனக்கு. காதில் விழுந்தது அப்பாவுக்கு. சும்மா என்றால் எப்படிச் சும்மா என்று கேட்டார். சும்மா என்றால் சும்மாதான் மாமா என்றான் அவன். அன்றோடு எங்கள் வியாழக்கிழமைகள் கெட்டுப்போயின.

அப்பாவுக்கு அப்போது பாண் சுடுகிற ஃபக்டரியில் இரவு வேலை. விடிய வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தாரென்றால் பின்னேரம் வரை எழும்பமாட்டார். பல்லு டொக்டரிடம் போக வேண்டும் என்று அம்மா உலுப்பினாலும் திரும்பிப் படுக்கிற மனிதர், வியாழக்கிழமைகளில் மட்டும் அலாரம் வைத்துப் பதினொரு மணிக்கு எழும்பினார். அந்த நேரத்துக்குத்தான் கடை பழைய கேமை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும். இடுப்பில் கட்டிய சாரத்தோடு என் கதிரையில் வந்து உட்காருவார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவார். விலை பூச்சியம் என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு இன்னொரு தரம் பார்ப்பார், அதன் பிறகுதான் பொத்தானை அழுத்துவார். நன்றி என்று மின்னஞ்சல் வந்து சேரும் வரை எழும்பமாட்டார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் இந்தச் சடங்கு முழுவதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் கணினியில் என் முறைக்காக நான் நிற்க வேண்டியிருந்தது.

எடுத்த கேம்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். உழவு இயந்திரம் ஓட்டுவது, புகையிரதம் ஓட்டுவது, செத்தவர்கள் எழும்பி வர அவர்களைத் திரும்பவும் சுடுவது, ஹொட்டலில் முட்டை பொரிப்பது. இவற்றில் முக்கால்வாசி எங்கள் பழைய கணினியில் ஓடவே ஓடாது. ஒரு தடவை ஆசைப்பட்டு ஒன்றைத் திறந்தேன். உள்ளேயிருந்த காற்றாடி இரைந்து, திரை கறுத்து, கணினி செத்தேபோய்விட்டது என்று நான் அழத் தொடங்கிவிட்டேன். இது எங்களுக்கு ஓடாது அப்பா, எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதோ என்றார். இந்த மாடு எழும்பவே மாட்டேன் என்கிறது, பல்லுக்கு எங்கே போவது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் அப்படிச் சொல்லுகிற துணிவு எனக்கு இல்லை.

இந்த நிலையில், போட்டிக்கு இன்னொரு கடையும் சும்மா கொடுக்கத் தொடங்கியது. முதலாவது கடைக்குப் போகிற கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கிற யோசனை. அப்பாவுக்குச் சந்தோசம் ஒரு பக்கம், மனம் பதைக்கிற அந்தரம் ஒரு பக்கம். அந்தரம் எதற்கு என்று விளங்க வேண்டுமானால் அப்பா மரக்கறி வாங்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும்.

மல்வேர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஒரே பிளாசாவில் இரண்டு தமிழ்க் கடைகள் இருந்தன. இரண்டு முதலாளிமாரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். ஒன்றில் மீன் நல்லது, மற்றதில் மரக்கறி மலிவு. உலகத்தில் வேறு யாராவது என்றால் இரண்டுக்கும் போய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அப்பா முதலாவது கடையில் வாங்கிய பையைக் கொண்டுபோய்க் காரின் டிக்கியில் வைத்து, மேலே ஒரு பழைய ஜக்கெற்றைப் போட்டு மூடி, காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, வெறுங்கையோடுதான் மற்றக் கடைக்குள் போவார். வருடப் பிறப்புக்கு இரண்டு கடையும் தருகிற கலண்டர்களை ஒரே ஆணியில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தார். யார் வீட்டுக்கு வருகிறார்கள் என்பதைப் பொறுத்து எது முன்னுக்கு என்பது மாறும். மாற்றுகிற வேலை என்னுடையது. காரில் ஆட்கள் வந்து இறங்குகிறபோது அப்பா என்னைப் பார்க்கிற பார்வையிலேயே எந்தக் கலண்டர் என்று எனக்குத் தெரிந்துவிடும். தருவதை வேண்டாம் என்று சொல்லாதே, வாங்கினதை மற்றவனுக்குக் காட்டாதே. அப்பா எனக்குச் சொல்லித் தந்த உலக ஞானம் இந்த இரண்டும்தான்.

இதே ஞானத்தை அவர் கணினிக்குள்ளும் கொண்டுபோனார். இரண்டாவது கடையைத் திறக்க முன்னம், முதலாவது கடையை முற்றாக மூடுவார். பிறகு அதன் படத்தைத் திரையிலிருந்து இழுத்துக்கொண்டுபோய், என் வீட்டுப்பாடங்கள் கிடக்கிற கோப்புறைக்குள் ஒளிப்பார். அதற்குப் பிறகுதான் மற்றது. உள்ளே ஆள் ஒருவரும் இல்லை, அது வெறும் மென்பொருள் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "கடை எண்டு ஒண்டு இருந்தால் பாக்கிறதுக்கு ஒருத்தன் இருப்பான்தானே," என்றார். சுவரில் போய் முட்டலாம் போல இருந்தது.

அந்தக் குப்பைக்குள் எனக்கென்று ஒரே ஒரு கேம் வாய்த்தது. சின்னக் கேம். எங்கள் கணினியே ஓட்டக்கூடியது. ஒரு வெறுந்தீவைத் தருவார்கள், அதில் நாங்கள் ஊர் ஒன்றைக் கட்ட வேண்டும். சுடுவதும் இல்லை, வெல்வதும் இல்லை, கட்டுவது மட்டும்தான். எனக்கு அப்போது பத்து வயது. அந்த மாரி முழுவதும் வெளியில் பனி கொட்டக் கொட்ட நான் கட்டினேன். பாலம் போட்டேன், நூலகம் வைத்தேன், பஸ் விட்டேன். என் வகுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு கட்டி, வாசலில் பெயர் எழுதினேன். யாருக்கு எந்த நிறக் கதவு வேண்டும் என்று மதிய இடைவேளையில் கேட்டு வருவேன். அதுவரைக்கும் என்னோடு கதைக்காத பிள்ளைகள்கூடத் தங்கள் வீட்டைக் கடலுக்குக் கிட்ட வைக்கச் சொல்லி வந்து கதைத்தார்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஊரைக் கட்டும் வரைக்கும் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் சிநேகிதம் என்று ஒருவரும் இருக்கவில்லை. கடைசியில் ஆசிரியையின் காதுக்கும் போய், வெள்ளிக்கிழமை கணினியைக் கொண்டுவா, வகுப்பில் பெரிய திரையில் போட்டுக் காட்டு என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் எதைப் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

பின்னேரம் ஓடி வந்து கணினியைத் திறந்தேன். கடையைக் காணவில்லை. வீட்டுப்பாடக் கோப்புறைக்குள் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கேமும் இல்லை. நான் போட்ட சத்தத்தில் மேலே படுத்திருந்த அப்பா சாரத்தைப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கி ஓடி வந்தார். குசினியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார்.

நடந்தது இதுதான். அன்று பதினொரு மணிக்கு அப்பா வழக்கம்போல முதல் கடையில் எடுத்து, மூடி, ஒளித்துவிட்டு, இரண்டாவது கடையைத் திறந்திருக்கிறார். அந்தக் கடை அன்றைக்கென்று பார்த்து ஒரு அறிவித்தல் காட்டியிருக்கிறது. உங்கள் கணினியில் வேறொரு கடையின் கேம்களைக் கண்டோம், அவற்றையும் இங்கே கொண்டுவந்து ஒன்றாக வைக்க விருப்பமா என்று. கீழே வேண்டாம் என்றொரு பொத்தானும் இருந்திருக்கும். அதை அழுத்திவிட்டுப் போய்ப் படுத்திருக்கலாம். அப்பா கண்டோம் என்ற சொல்லுக்கு அப்பால் வாசிக்கவில்லை. அடியும் நுனியும் தெரியாத மனிதர், எங்கேயெல்லாமோ தேடி, முதலாவது கடையையே கணினியிலிருந்து கழற்றியிருக்கிறார். சேமித்து வைத்திருப்பவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டிருக்கிறது. அப்பா ஓம் என்று கொடுத்திருக்கிறார். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கியிருக்கிறார். வேறெந்த வேலையிலும் இவ்வளவு துப்புரவை நான் அவரிடம் கண்டதில்லை.

அழுது முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது சும்மா வந்ததுதானே, திரும்பச் சும்மா எடுக்கலாம் என்றார். எடுத்தோம். கேம் வந்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோய், பார், ஒன்றும் போகவில்லை என்றார். நான் திறந்து காட்டினேன். சுற்றிக் கடல். நடுவில் ஒரு வெறுந்தீவு.

"கேம் கிடக்கு அப்பா. நான் கட்டினது எங்க?"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பக் கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மெல்லக் கேட்டார். ஒரு மாரி எடுக்கும் என்று கத்தினேன். சும்மா தருகிறார்கள் என்றால் இந்த மனிசன் நஞ்சையும் வாங்கி அலுமாரிக்குள் வைக்கும் என்று அம்மா என் பக்கம் சேர்ந்து பேசினார். பேசிவிட்டு, அதற்காக அப்பாவை இப்படிக் கத்துவதா என்று எனக்கும் ஏசினார். எங்கள் வீட்டில் நீதி எப்போதும் அப்படித்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. அப்பா வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். நாளைக்கு நான் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது என்று கேட்டேன். அந்தக் கடை கண்டுவிட்டதாம், அதனால்தானாம் என்று தொடங்கினார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அவரை முழுதாகச் சொல்ல விடவில்லை.

"கண்டால் காணட்டும். கண்டு என்ன செய்வாங்கள்?"

அப்பா கதவு நிலையைப் பிடித்தபடி யோசித்தார். சின்னப் பிள்ளையின் வாய்க்காட்டலுக்கு அவ்வளவு யோசனை எதற்கு என்று எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

இந்த இடத்தில், அன்று எனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அப்பா வளர்ந்தது வவுனியாவுக்கு வடக்கே. போர்க்காலத்தில் அங்கே போகிற பெருந்தெருவின் ஒரு பக்கம் ஒருவர் கையில், மற்றப் பக்கம் மற்றவர் கையில். நடுவில் சோதனைச் சாவடி. பாணுக்கும் மருந்துக்கும் சனம் அதைக் கடந்துதான் போய்வர வேண்டும். சவர்க்காரம், கைவிளக்குக்குப் போடுகிற ரோச் பற்றரி, மண்ணெண்ணெய் என்று அங்கே கொண்டுபோகக் கூடாத சாமான்கள் எத்தனையோ இருந்தன. பையில் ஒன்று அகப்பட்டால் கேள்வி வரும். கேள்விக்கென்று வரிசையிலிருந்து பிரித்து நிறுத்தப்பட்ட சிலர் பிறகு வீட்டுக்கு வரவில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு, அதுவும் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஊர் போய்விட்டது என்பதும், அதை அழித்தவர் வாசலில் நிற்கிறார் என்பதும்தான்.

"முதல், எங்கயிருந்து வந்தது எண்டு கேப்பாங்கள்," என்றார் அப்பா.

"சும்மா தந்தவை எண்டு சொல்லுறது. உண்மைதானே."

"ஓம். என்ர அண்ணரும் அதைத்தான் சொன்னவர்."

அப்பாவுக்கு அண்ணர் ஒருவர் இருந்தார் என்பதே எனக்குப் புதிது. குசினியில் அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அப்படியானால் கண்ட கண்ட கேம் எல்லாவற்றையும் எடுத்து அடுக்குகிற இந்த வியாதி பரம்பரையாக வருகிறது, எங்கேயோ ஒரு பெரியப்பாவும் இருந்து இதே வேலையைப் பார்த்திருக்கிறார் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அவர் என்ன கேம் எடுத்தவர் என்று கேட்டேன்.

அப்பா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை.

"ரெண்டு ரோச் பற்றரி," என்றார். "கடைக்காரர் சும்மா குடுத்தவர்."

அப்படி ஒரு கேமே இல்லை என்று அவருக்குச் சொல்லிவிட்டு, நான் வெறுந்தீவின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.