குறட்டை நின்றால்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். காப்பிப் பழம் பறித்துக் கறுத்த விரல்கள். எங்கள் இருவருக்கும் நடுவே அவருடைய கணவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை திடீரென்று நிற்கும், மூச்சும் நிற்கும். அம்மாள் வெளியே பார்த்தபடியே முழங்கையால் இடிப்பார். பெரியவர் திணறி விழித்து, "கரடியூர் வந்திருச்சா?" என்பார்.

"இன்னும் இல்லீங்க" என்று அம்மாள் சொன்னதும் மறுபடி தூங்கிவிடுவார். அவர்கள் ஊரான கரடியூரை விட்டு வெகுதூரம் இறங்கியிருந்தோம்.

"ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போறோம்," என்றார் அம்மாள். "தூக்கத்துல மூச்சு நின்னு போறதும் இந்த மறதிக்கு ஒரு காரணமா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. நான் என்னத்தக் கண்டேன்? பாடுபட்ட ஒடம்பு, நொம்ப நல்லாத் தூங்குதுன்னு நெனச்சேன். எழுப்பிப்போடக் கூடாதுன்னு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பக்கத்து ஊட்டுல போய்ப் படுத்துக்குவேனுங்க. எத்தன வருசம்."

கடைசி வளைவுகளில் அம்மாளின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. நான் காத்திருந்தேன். அது திரும்பி வரவில்லை. முழங்கையால் இடித்தேன்.

பெரியவர் விழித்து என்னைப் பார்த்தார். "கரடியூர் வந்திருச்சா?"

"இன்னும் இல்லீங்க," என்றேன், அந்த அம்மாள் விழித்துவிடாதபடி.