மேட்டு லயம், சொல்லுங்க

ஷாமலா டீச்சருக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னவர்கள் இருக்கிறார்கள். சப்பாத்தில் சேறு படாமல் வேனில் வந்து இறங்கிய பெரிய அதிகாரி ஒருவரே சொன்னார். நான் படிக்காதவன்தான். கண்டிப் பக்கம் ஹேவாஹெட்டவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன். ஆனால் டீச்சர் படிப்பித்ததை என்னைப்போல் பக்கத்தில் நின்று கேட்டவன் எவனும் இல்லை. அவர் கையில் மைக்கைக் கொடுத்ததே நான்தானே.

டீச்சருக்கு ஊர் அம்பிட்டிய. வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதிலேயே ஒரு பிள்ளை அவர் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டாள். மேட்டு லயத்து வரிசை வீட்டுச் சிந்துஜா, மூன்றாம் வகுப்பு. கொழுந்து பறிக்கிற சந்திரிகாவின் ஒரே மகள். வீட்டில் சரியான வாயாடி, வகுப்பில் கால் வைத்தால் ஊமை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நிற்பாள். "வாயில என்னா, கொழுக்கட்டையா?" என்று மற்ற டீச்சர்மார் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். பிள்ளைக்கு மூளை வளர்ச்சி குறைவு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு நடந்தது. அப்படி ஒரு பள்ளிக்கூடம் எங்களுக்குப் பக்கத்தில் கிடையாது. அனுப்புவது என்றால் வீட்டில் உட்கார வைப்பது என்றுதான் அர்த்தம்.

"ஒரு வருஷம் குடுங்க சேர். அவ வாயத் திறக்க வெச்சுக் காட்டுறேன்," என்று டீச்சர் பள்ளிக்கூட அதிபரிடம் சண்டை போட்டு அவகாசம் வாங்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டது. டவுன் பிள்ளைகளுக்கு ஃபோனில் பாடம் நடந்தது. எங்களுக்கு நாலு வீட்டுக்கு ஒரு ஃபோன், அதற்கும் தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறினால்தான் சிக்னல். கணக்கப்பிள்ளை வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த டீச்சர், ஊருக்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். ஒருநாள் கோயிலுக்கு என்னைத் தேடி வந்தார்.

"கணேஸ் அண்ணே, ஒங்க ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"ஆடி மாசம் நான் பாட்டுப் போட்டா அடுத்த தோட்டத்துக்காரன் சண்டைக்கு வருவான் டீச்சர்."

"அப்பப் போதும்."

கோயில் தலைவர் கறுப்பையா கோபத்தில் துள்ளிக் குதித்தார். "வேதக்காரப் புள்ள அம்மன் மைக்குல பேசுறதா?"

டீச்சர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஒங்க அம்மனும் பொம்பளதானே ஐயா? புள்ளைங்க படிக்கிறத வேணாம்னா சொல்லப் போறா?" தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாளே பாடம் தொடங்கியது. எங்கள் லயங்கள் மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கும். டீச்சர் ஒவ்வொரு லயமாகக் கூப்பிட்டு வாய்ப்பாடு கேட்பார். பிள்ளைகள் அவரவர் வாசலில் நின்று கத்திப் பதில் சொல்வார்கள். "கோயில் லயம், சொல்லுங்க! ஆறேழு?" "நாப்பத்திரெண்டு!" எங்கள் மலை அப்படி ஒரு கூச்சலை அதற்கு முன் கேட்டதில்லை. கொழுந்து பறிக்கிற பெண்களும் கூடவே முணுமுணுப்பார்கள். "கை ஓடுதா, வாய் மட்டும் ஓடுதா?" என்று கங்காணி ஏசுவார்.

கடைசியாக, "மேட்டு லயம், சொல்லுங்க! ஏழெட்டு?"

நான் சிரித்துவிட்டேன். "அங்க யாரு டீச்சர் இருக்கா? ரெண்டு நாயும் அந்த ஊமைப் புள்ளையுந்தான்." அந்த லயத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வேறு இல்லை.

டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். பெயர் சொன்னால் பயந்து போகிறவளை லயத்தின் பெயரால் கூப்பிடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கிணற்றில் போட்ட கல்தான். மறுநாளும் அதே கேள்வி, அதே காத்திருப்பு. எனக்கென்றால் எரிச்சலில் வாய் துறுதுறுக்கும். அவருக்குப் பொறுமை மட்டும் குறையவே இல்லை.

ஒரு காலை நேரம். நல்ல மூடுபனி, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தபோது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அம்பத்தாறு!"

டீச்சர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கையை எடுத்து, "சரி," என்றார். அவ்வளவுதான். "மெச்சினா பயந்துருவா அண்ணே," என்றார் என்னிடம். மலையில் நின்ற சந்திரிகா மகளின் குரலைக் கேட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேம்பினாளாம்.

அதிலிருந்து தினமும் பதில் வந்தது. டீச்சர் "சரி" என்று சொல்கிற வரைக்கும் மழையானாலும் சிந்துஜா வாசலை விட்டு உள்ளே போக மாட்டாள் என்று சந்திரிகா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளை மறுபடி ஊமையானாள். முகத்துக்கு நேரே பார்க்கிற கண்கள்தான் அவளுக்குப் பயம். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கரும்பலகைப் பக்கம் திரும்பி, வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, "மேட்டு லயம், சொல்லுங்க," என்றார். மற்றப் பிள்ளைகளையும் கண்ணை மூடச் சொன்னார். பதில் வந்தது.

அதைத்தான் அந்த அதிகாரி வந்து பார்த்தார். "புள்ளைகளுக்கு முதுகக் காட்டிப் படிப்பிக்கிற டீச்சர இன்னைக்கித்தான் பார்க்கிறேன்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அதற்காகத் தன் வழியை மாற்றவில்லை. ஆனால் சில வருஷத்தில் கண்டி டவுனுக்கு மாற்றம் வந்தது.

டவுனில் அவர் ஒரு டியூஷன் வகுப்பும் எடுத்தார். அந்த மண்டபத்து ஸ்பீக்கர் பழுது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசல் வரைக்கும் பிள்ளைகள். டீச்சர் ஒரு கணக்கைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பொடியன், "மிஸ், ஆன்சர போர்ட்ல எழுதுங்க, நாங்க போட்டோ எடுத்துக்கிறோம்," என்றான். எல்லோரும் ஃபோனைத் தூக்கினார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "மேட்டு லயம் இப்பப் பேசுதா அண்ணே?"

"பேச்சா? காலைக் கூட்டத்துல மைக்கப் புடிச்சா விடமாட்டேங்குது டீச்சர். ஒங்களப் போலவே டீச்சராகப் போறாளாம்."

அன்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை மலை சரிந்து இறங்கியது. மேட்டு லயம் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு மண்தான் இருக்கிறது. சந்திரிகா தங்கச்சியின் பிரசவத்துக்குத் துணையாகக் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்ததால் தப்பினாள். புருஷனையும் சிந்துஜாவையும் மண்ணைத் தோண்டித்தான் எடுத்தோம். அம்மனுக்குக் கண் இல்லை. நான் கோயில் வாசலில் நின்றே அப்படிச் சொன்னேன்.

பாதை திறந்ததும் டீச்சர் வந்தார். எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்தார். நாங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் முகாமில் இருந்தோம். பிள்ளைகள் பேய் அறைந்த மாதிரி மூலையில் கிடந்தார்கள். விளையாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

"ஸ்பீக்கரக் கட்டுங்க அண்ணே," என்றார் டீச்சர். கோயில் ஹோர்ன் ஸ்பீக்கரையே கொண்டுவந்து கூரையில் கட்டினேன்.

"கோயில் லயம், சொல்லுங்க. ஆறேழு?"

முதலில் ஒரு குரல், பிறகு நாலைந்து. அடுத்தது சரிவின் அடியில் இருக்கிற லயம். "பணிய லயம், சொல்லுங்க. ஒம்பதாறு?" கொஞ்சம் சத்தம் கூடியது. டீச்சரின் குரலில் பழைய ஓட்டம் வந்துவிட்டது. அந்த ஓட்டத்திலேயே சொல்லிவிட்டார்:

"மேட்டு லயம், சொல்லுங்க. ஏழெட்டு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. மைக்கை வாயிலிருந்து இறக்கினார். பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். ஐயோ, அந்த மண்டபத்தில் நான் பட்ட பாடு. ஆம்பிளிஃபயரை அணைக்க ஓடினேன்.

"அம்பத்தாறு, டீச்சர்."

சந்திரிகா. அடக்கம் முடிந்த நாளிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசாதவள், சுவரோரம் எழும்பி நின்றிருந்தாள். கொழுந்து பறித்துக்கொண்டே கேட்டுப் பாடமான வாய்ப்பாடு.

டீச்சரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சந்திரிகா பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"சரின்னு சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்லலன்னா அவ உள்ள வர மாட்டா. மழையில வாசல்லயே நிப்பா."

டீச்சர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேடு வரைக்கும் கேட்கட்டும் என்று நான் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

"சரி," என்றார்.