பழைய கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி

என் தாய்மாமன் பொய் சொல்கிறார். அவரைப் பழைய கம்ப்யூட்டர் முழுங்கவில்லை.

போன மாதம் கடலாடியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. சடங்கு முடிந்ததும் மாமா வழக்கம்போல மைக்கை வாங்கிக்கொண்டார். வழக்கம்போல அதே கதை.

"எங்கக்கா மூத்த மக கல்யாணத்துல தாய்மாமன் நான். சீர் எடுத்துட்டு முன்னால போனவன் நான். ஆனா அந்த வீடியோவைப் போட்டுத் தேடிப் பாருங்க, ஒரு இடத்துலயும் நான் இருக்க மாட்டேன். ஏன்? பழைய மிஷினு. என்னைய முழுங்கிருச்சு!"

மண்டபமே சிரித்தது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் அம்மாவும் சிரித்தாள். அந்தக் கல்யாணப் பெண்ணான என் அக்கா எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை என்பதால் அவருக்கு இந்தத் தைரியம். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இனி அடுத்த மண்டபத்தில் இந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மாமாவுக்குச் சாயல்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஸ்டுடியோ. சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணம், சடங்கு எது நடந்தாலும் கேமராவோடு அவர்தான் நிற்பார். எடுத்து வந்ததை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்குவதற்கு மிக்ஸிங் என்று பெயர். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஆல்பத்தில் போட்டோ ஒட்டப் போய்க்கொண்டிருந்த என் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் அவளில்லாமல் ஸ்டுடியோ இல்லை என்றாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்த கையோடு சண்டை வரும். சம்பந்திக்கு மரியாதை குறைந்துவிட்டது, மொய்யில் வஞ்சகம் செய்துவிட்டான் என்று ஏதாவது ஒன்று. உடனே ஸ்டுடியோவுக்கு வந்து நிற்பார்கள். "எங்க சித்தப்பன் மூஞ்சி படத்துல எங்கனயும் வரக் கூடாது" என்பார்கள். அக்கா எடுத்துவிடுவாள். ஆள் இருந்த இடமே தெரியாது. மாலை போடும் கை வரும், முகம் வருவதற்குள் நாதஸ்வரக்காரர் வந்துவிடுவார். மாமா அதைப் பெருமையாகச் சொல்லுவார். "எங்கக்கா மக ஒரு ஆளை எடுத்துட்டான்னு வைங்க, அவனைப் பெத்தவளே தேடுனாலும் கிடைக்க மாட்டான்."

இந்தப் பேச்சை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மாமா மறந்துவிட்டார், அல்லது மறந்ததாக நடிக்கிறார்.

அய்யா, அதாவது எங்கள் அப்பா, அவளைத் தனியாக அனுப்ப மாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஸ்டுடியோவுக்குப் போய் அவள் வேலை முடியும்வரை இருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இருபது வயதுக்காரிக்குப் பதினொரு வயதுக்காரி காவல்.

ஸ்டுடியோவிலிருந்த கம்ப்யூட்டர் ஒரு நோயாளி. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்றின் உப்பு அதன் திருகாணிகளில் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தால்தான் ஓடும். வெட்டின துண்டுகளை ஒரே படமாகச் சேர்க்கச் சொல்லிவிட்டால் விடிய விடிய முனகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பம்.

அதனால் சாயங்கால டீயோடு ஒரே பேச்சு, புது மிஷின் எப்போது வரும் என்பதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன்னுடைய பெரிய கம்ப்யூட்டரை அடியோடு மாற்றிக் கொண்டுவரப்போவதாக ஒரு தகவல். மாமாவும் பக்கத்துச் செல்போன் கடை அண்ணனும் அதை நேரில் பார்த்தவர்கள் மாதிரிப் பேசுவார்கள்.

"கறுப்பா, உருண்டையா இருக்குமாம் மாப்ள" என்பார் மாமா.

"உருண்டையாவா? எங்க வீட்டுக்காரி குப்பைத் தொட்டின்னு நெனைச்சு எச்சி இலையைப் போட்டுருவாளே."

"போடட்டும். அதையும் மிக்ஸிங் பண்ணிக் குடுத்துரும். அம்புட்டு ஸ்பீடு."

நான் பைத்தியமாகிவிட்டேன். செல்போன் கடை அண்ணன் நெட்டில் காட்டும் படங்களைப் பார்ப்பேன். அதுவும் யாரோ இப்படித்தான் இருக்கும் என்று வரைந்து போட்ட படங்கள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானும் ஒன்று வரைந்து வைத்திருந்தேன். ஃபேன் இல்லாமல் ஓடும் கம்ப்யூட்டர்.

மதுரையில் பெரிய ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் ஏதோ கல்யாணத்துக்குச் சாயல்குடி வந்தார். மாமா கடை டிவியில் ஓடிய படத்தைப் பார்த்துவிட்டு யார் மிக்ஸிங் என்று கேட்டார். அக்காவைக் காட்டினார்கள். "மதுரைக்கு வந்துரும்மா. என்கிட்ட பொம்பளைப் பிள்ளைகதான் வேலை பாக்குது, ஹாஸ்டல் இருக்கு" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் அக்கா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கம்பியை விட்டால் பஸ் திரும்பிப் போய்விடும் என்பதுபோலப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அய்யா, நான் மதுரைக்குப் போறேன்."

மிளகாய்ச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அய்யா நிமிரவில்லை. "மாமன்கிட்ட கேட்டுக்க" என்றார்.

மாமாவிடம் பதில் தயாராக இருந்தது. "ஏத்தா, மதுரையில என்னத்தைக் கண்ட? அவன் வச்சிருக்கதும் இதே ஓட்டை மிஷின்தான். நமக்குப் புதுசு வரப்போகுது. இந்த ஜில்லாவுலயே முதல்ல நம்மகிட்டதான். அதுல உக்காரப்போறது யாரு? நீதான். இங்கன எல்லாம் உன் பொறுப்பு. தை பொறக்கட்டும்."

அக்கா நம்பினாள். தை வரைக்கும் பொறுக்க முடியுமா என்று மதுரைக்காரரிடம் போனில் கேட்டாள். அவரும் சரி என்றார்.

தை வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை. ஒரு சாயங்காலம் மாமாவுக்குத் துபாயிலிருந்து போன். மாமாவின் மனைவியான எங்கள் அத்தைக்கு ஓர் அக்காள். அந்த அக்காள் புருஷனின் தம்பி துபாயில் இருந்தான். அவன்தான் பேசினான். லைன் சரியில்லாததால் மாமா ரோட்டில் இறங்கி நின்று கத்திக் கத்திப் பேசினார். திரும்பி வந்து டீ கிளாஸை எடுத்துக்கொண்டு சொன்னார், "தையில இல்லையாம். வைகாசியாம்."

"நெட்டுல வருசக் கடைசின்னுல்ல போட்டிருக்கான்" என்றார் செல்போன் கடை அண்ணன்.

"நெட்டுல போடுறவன் எவனோ சொன்னதைக் கேட்டுப் போடுறான். எனக்கு நேரடித் தகவல். சகலை தம்பி துபாய்ல இருக்கான். எதுவா இருந்தாலும் அங்கனதான் மொதல்ல எறங்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்துக்கே தெரியாத தேதி என் மாமாவுக்குத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

தை முகூர்த்தம் முழுக்க அக்கா அந்த நாற்காலியில் இருந்தாள். மாசியிலும் பங்குனியிலும் சித்திரையிலும் இருந்தாள். வைகாசி பிறந்ததும் மறுபடி துபாய் போன். மறுபடி மாமா ரோட்டில் நின்று கத்தினார். இந்தத் தடவை ஆவணி.

"ஏன் மாமா தள்ளித் தள்ளிப் போகுது?" என்று நான் கேட்டேன்.

"பெரிய எடத்து விசயம்த்தா. நாம நெனைச்ச ஒடனே விட்ருவானா? ஆனா ஆவணி தப்பாது. டிக்கெட்டே போட்டாச்சு."

கம்ப்யூட்டர் விமானத்தில் டிக்கெட் எடுத்து வருகிறது என்றால் அது எவ்வளவு பெரிய கம்ப்யூட்டராக இருக்க வேண்டும்! நான் அந்த அளவில்தான் யோசித்தேன்.

அந்த வைகாசியில்தான் மதுரைக்காரர் கடைசியாகக் கூப்பிட்டார். இதற்குமேல் இடத்தைக் காலியாக வைக்க முடியாது, வேறு பிள்ளையைச் சேர்த்துவிட்டேன் என்றார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள். திரையில் யாரோ ஒரு பெண் தாலிக்குத் தலைகுனிந்தபடி அப்படியே நின்றிருந்தாள். அக்கா அதை ஓடவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் ஆறுதல் சொன்னேன். "விடுக்கா. ஆவணிக்கு நம்மகிட்டதான் புதுசு வருதுல்ல."

"ஆமாடி" என்றாள்.

ஆவணியில் சொன்ன மாதிரியே வந்தது. வெள்ளைக் கார். மாமா முன் சீட்டிலிருந்து இறங்கினார். நான் ஓடிப் போனேன். பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். தெருவே செண்ட் வாடை. டிக்கியைத் திறந்தார்கள். சாக்லேட், போர்வை, தைல பாட்டில்கள், பெரிய பெட்டி. பெட்டிக்குள் சேலைகள். எல்லாவற்றையும் நான் தள்ளித் தள்ளித் தேடினேன்.

"கம்ப்யூட்டரு எங்க மாமா?"

கூடி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அய்யாகூடச் சிரித்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர் என் கையில் ஒரு சாக்லேட்டைக் கொடுத்தார். அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவள் அந்த ஆளைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மாமா காரில் ஏதோ மறந்துவிட்டவர் மாதிரித் திரும்பிக்கொண்டார்.

அந்தத் துபாய்க்காரர்தான் மாப்பிள்ளை, அவருக்கு லீவு குறைவு. அந்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பட்டுப் பாவாடை, பந்தல், ரேடியோ செட். கம்ப்யூட்டர் வராதது மட்டும்தான் குறை.

மாமா தாய்மாமன் என்பதால் கேமராவைத் தொடவில்லை, கடலாடியிலிருந்து வேறு ஆளை வைத்து எடுத்தார். மறுவீட்டுக்கு அக்கா வந்திருந்தபோது ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். "மிக்ஸிங்குக்கு வேற ஆள் யாரு இருக்கா? உன் கல்யாணம், நீயே பாத்துப் பண்ணிரு."

அவள் மறுக்கவில்லை. கழுத்தில் புதுத் தாலியோடு, டேபிள் ஃபேன் பக்கத்தில், தன் கல்யாணத்தைத் தானே வெட்டி ஒட்டினாள். நான் துணைக்கு இருந்தேன். திரையில் மாமா தட்டோடு வருவார், அடுத்த நிமிடம் இருக்க மாட்டார். நீளம் குறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முடித்ததும் மெமரி கார்டுகளை எல்லாம் துடைத்து, அடுத்த கல்யாணத்துக்குத் தயாராக அடுக்கி வைத்தாள். அது எப்போதும் அவள் செய்வதுதான்.

வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மாமா நடுநாயகமாக நாற்காலியில். தாய்மாமன் சீர் வந்தது. மேளம் வந்தது. தட்டுத் தட்டாகப் பழம், பூ, சேலை எல்லாம் தானாக நடந்து வந்தன. ஒரு கை மாலையைப் போட்டது. அந்தக் கைக்கு மேலே ஆள் இல்லை.

"ஏலே தம்பி, நீ எங்கலே?" என்றாள் அம்மா.

மாமா டிவியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா எல்லோருக்கும் நிதானமாக டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தாள்.

"நடுவுல கரண்டு போச்சுக்கா" என்றார் மாமா. டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "பழைய மிஷின்ல. முழுங்கிருச்சு."

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அவருக்கு ஆதரவாக நான் சத்தமாகச் சொன்னேன், "புதுசு வந்திருந்தா மாமா இருந்திருப்பாரு!"

அக்கா சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதற்குச் சிரிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் வருடக் கடைசியில் நிஜமாகவே வெளிவந்தது. கறுப்பாக, உருண்டையாகத்தான் இருந்தது. சாயல்குடிக்கு வரவே இல்லை. புருஷன் துபாய் போய்விட, மாமியார் வீட்டில் இருந்த அக்காவுக்கு நான் போன் செய்தேன். "அக்கா, வந்துருச்சு! மாமா சொன்ன தேதி தப்பு!"

"தப்பெல்லாம் இல்லடி" என்றாள். "அவரு சரியான தேதியைத்தான் சொன்னாரு." பிறகு அய்யாவின் மிளகாய்ச் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மாமாவை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். தையும் வைகாசியும் ஆவணியும் யாருடைய லீவு என்று எனக்கு அப்போது தெரியாது. மதுரைக் கதவு சாத்துகிற வரைக்கும், முகூர்த்தக் காலங்கள் முடிகிற வரைக்கும் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது என்று தெரியாது. அவள் எங்கள் முன்னால் ஒரு தடவைகூடச் சத்தம் போடாமல் தன் பதிலைச் சொல்லிவிட்டாள் என்றும், டிவி முன்னால் இருந்தவர்களில் அது ஒரே ஒருவருக்குத்தான் புரிந்தது என்றும் தெரியாது. அதற்கப்புறம் அவள் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடவில்லை. கேட்டால், "விடுடி" என்கிறாள்.

நான் விடுவதாக இல்லை. மாமா, வருகிற ஆவணியில் உங்கள் ஸ்டுடியோவுக்கு வெள்ளி விழா. பெரிய திரை கட்டுகிறீர்கள். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். எல்லோரும் இருப்பார்கள், அய்யா இருப்பார், இந்தத் தடவை அக்காவையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். கம்ப்யூட்டர் முழுங்கிய கதையை அங்கே சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு கேள்விக்கு மட்டும் மைக்கில் பதில் சொல்லுங்கள். ஆவணியில் வரப்போவது யார் என்று உங்களுக்கு எப்போது தெரியும்?