களைக்குக் கவாத்து

எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவரை தேயிலைக்கு அடியில் ஒரு புல்லை முளைக்க விட்டதில்லை நான். தலைகாட்டினால் களைக்கொல்லி. மறுபடி தலைகாட்டினால் மறுபடியும் களைக்கொல்லி. கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி சுத்தமாக இருக்கும். அந்த மண்ணில் கைத்தடியை ஊன்றினால் டங்கென்று சத்தம் வருகிறது என்பதை ஓய்வு பெறுகிற வருடம்தான் கவனித்தேன். அதை அப்படி ஆக்கியவன் நான்தான் என்பது உள்ளுக்குள் உறுத்தியது.

ஆகவே ஓய்வு பெற்றதும் கூடலூர்ப் பக்கம் ஒரு துண்டு வயலை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்து, மருந்தே அடிக்காமல் நெல் போடப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். வயலுக்குச் சொந்தக்காரர் மலையாளம் கலந்து பேசும் ஒரு சேட்டன். வயலைக் கண்டம் என்பார். பக்கத்துக் கண்டமும் அவருடையதுதான். அது வருடா வருடம் மருந்து குடித்தே வளர்வது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். களை நெல்லை மூடினால் அவரே வந்து மருந்தடித்துவிடுவார். அடுத்த போகம் வயல் எனக்குக் கிடையாது.

ஆடி மழையில் கயிறு கட்டி நேர்வரிசையாக நட்டோம். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். இருபது நாளில் நெல்லுக்குச் சரிசமமாகப் புல்லும் கோரையும் எழுந்து நின்றன.

என்னோடு வேலை பார்த்த, கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆறு பேரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு, மத்தியானம் கோழிக்குழம்பு என்றதும் வந்துவிட்டார்கள். மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டுமே என்று, நான் வரப்பில் குடையோடு நின்று பழைய தோரணையில் கை வேகமாகப் போகட்டும் என்று விரட்டினேன். வேகம் என்று சொன்னால் அந்தக் கைகளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். நுனியை இரண்டு விரலில் பிடித்து ஒரு கிள்ளு. பன்னிரண்டு கைகளும் களையைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் வீசின. முதுகில் கூடை இல்லை என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. மத்தியானத்துக்குள் வயல் கோடு போட்ட நோட்டு மாதிரி ஆகிவிட்டது. பெருமை தாங்காமல் போட்டோ எடுத்துச் சேட்டனுக்கு அனுப்பினேன்.

எட்டாம் நாள், அந்தப் பெண்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி என்னோடு வயலைப் பார்க்க வந்தாள். கிள்ளிய இடத்திலெல்லாம் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்த்து, களை முன்னைவிடக் கொழுகொழுவென்று நின்றது. அவள் வரப்பில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயா, நாம களை எடுக்கலீங்க. கவாத்து பண்ணி உட்டிருக்கோம். இன்னும் நாலு நாள்ல அடுத்த ரவுண்டு பறிக்கலாமுங்க."

தேயிலைச் செடியை வெட்டித் தழைய விடுவதற்குத்தான் கவாத்து என்று பெயர். கிள்ளினால் தழைக்கும் என்பதை நம்பித்தான் நாங்கள் ஏழு பேரும் இத்தனை வருடம் சோறு தின்றோம். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதற்குள் சேட்டனும் எட்டிப் பார்த்திருந்தார். எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, மருந்து டேங்கோடு வருவதாகச் சொல்லிவிட்டார். என் சவடால் போனால் போகட்டும். இந்த மண்ணும் டங்கென்று சத்தம் போடப் போகிறதே என்றுதான் பயந்தேன்.

வீட்டில் புலம்பியதைக் கேட்டுவிட்டு என் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "ஏனுங்க, அந்தக் குடைய மடக்கி வெச்சுப்போட்டு நீங்களும் சேத்துல எறங்குங்க. வரப்புல நின்னு வெரட்டுனா வேர் வருமாக்கும்?"

இறங்கினேன். வேளாண்மை அலுவலகத்தில் இரவல் வாங்கிய உருளைக் களைக்கருவியை வரிசைக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு போனால், களை சேற்றுக்குள் புரண்டு அமுங்கியது. நெல்லை ஒட்டி நின்றதை அடுத்த ஞாயிறு அதே பெண்கள் வந்து, இந்த முறை வேரோடு பிடுங்கினார்கள். பிடுங்கியதை வெளியே எறியாமல் அங்கேயே மிதித்துப் புதைத்தோம். மக்கி நெல்லுக்கே உரமாகட்டும் என்று. என் மனைவியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். யாராவது மறதியில் நுனியைக் கிள்ளினால் மற்றவர்கள் "கவாத்து" என்று கத்துவார்கள். அதிகம் மாட்டியது நான்தான். இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனால் அப்படி ஒரு சந்தோஷமான வாரம் எஸ்டேட்டில் எனக்கு வாய்த்ததில்லை.

சொன்னபடி திங்கட்கிழமை சேட்டன் முதுகில் டேங்கோடு வந்தார். போட்டோவில் ஒருமுறை ஏமாந்தவர் ஆயிற்றே, செருப்போடு வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டார். கெண்டைக்கால் வரை புதைந்தது. குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளினார். கறுப்பாக, மக்கிய தழை வாசனையோடு, நூல் நூலாகச் சிவப்புப் புழுக்கள் நெளிய அவர் உள்ளங்கையில் அது இருந்தது. பக்கத்தில் மருந்து குடித்து நின்ற தன் கண்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த போகம் ரெண்டு கண்டமும் நீங்களே பாருங்க, கேட்டோ," என்றார். கிள்ளிய கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. "பக்ஷே, யாரையும் கிள்ள விடாதீங்க."

அவர் கரையேறி, டேங்கை வரப்பில் கழற்றி வைத்தார். வலது காலில் செருப்பு இல்லை. நாங்கள் இருவரும் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினோம். அந்த மண் அதைக் கொடுக்கவில்லை.