சாக்பீஸ் வட்டம் போட்ட ஷீட்டுகள்

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தால் இன்றும் நான் அங்கேயே நின்றுவிடுவேன். படப்பை அருகே ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பொறியாளராகச் சேர்ந்த புதிது. சைக்கிள் ஷெட்டின் கூரையைக் கழற்ற இருந்தோம். ஏணி வருமுன்பே, தன் நாற்காலியில் ஏறி, விரிசல் இல்லாத நான்கு ஷீட்டுகளில் வட்டம் போட்டு வைத்திருந்தார் வாசல் செக்யூரிட்டி அண்ணன். வேண்டியவர்கள் முன்கூட்டியே குறி போட்டு எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். மேனேஜரும் தலையாட்டியிருந்தார்.

பிரசவத்துக்கு வந்த அவர் மகள் கைக்குழந்தையோடு படுக்கும் அறை ஒழுகுகிறதாம். "ரூம்பு சின்னதும்மா. ஒரு அடி அறுத்தா கரீட்டா குந்திக்கும்" என்றார். தூள் பறக்காமல் ஷீட்டை நனைப்பது, உடையாமல் இறக்குவது, பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டுவது என்று வரிசை போட்டிருந்தேன். அதில் ரம்பமும் இல்லை, குழந்தையும் இல்லை.

"அறுக்கக் கூடாதுண்ணா. அந்தத் தூள் நுரையீரல்ல போனா வெளிய வராது. பல வருஷம் கழிச்சுதான் காட்டும்."

"இன்னாம்மா, ஷீட்டுக்குள்ள பேயா கீது?" நான் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியது. "இதுங்கீயதான இத்தினி வருசமா சேர் போட்டுகினு குந்திகினு கீறேன்? அப்ப ஒருத்தரும் ஒண்ணியும் சொல்லலியே. எம்பேத்திக்கு மட்டும் ரூல்ஸா?"

முழு ஷீட்டைவிட அறுத்த ஷீட்டே ஆபத்து என்று விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. அவருக்குத் தகர ஷீட் வாங்கித் தரக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் மேனேஜர்.

மாலையில், சுற்றிய ஷீட்டுகள் கேட் ஓரம் கிடந்தன. பிளாஸ்டிக் வழியே வட்டங்கள் தெரிந்தன. வெளியே அவர் மச்சான் மினி லாரியோடு ஹார்ன் அடித்தார். "தொற மாமா, மய வருது!" கேட் சாவி அண்ணன் பாக்கெட்டில். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அவர் ஷீட் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை பாக்கெட்டுக்குள் போயிற்று.

"நீ கெளம்புடா" என்றார். கை வெறுமையாக வெளியே வந்தது.

மழை பிடித்தது. ஒதுங்க ஷெட் இல்லை. "வூட்லயும் இதே மயதாம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

தகர ஷீட்டுகள் வந்தன, அந்த மழைக்காலம் முடிந்த பிறகு.

போன வாரம் பொழிச்சலூரில் ஒரு பழைய கிடங்கைப் பிரிக்கும் வேலை. கூரையில் சாக்பீஸ் வட்டம்; நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் நாற்காலியை நகர்த்தச் சொன்னேன். பிறகு வட்டம் யாருடையது என்று விசாரித்தேன். வட்டம் போட்டவர் வீட்டுக்கு வேறு கூரை வந்து இறங்கும்வரை ஏணி தரையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.